டெவலப்பருக்கு நெட்வொர்க் எதற்கு?

காரைக்குடியில் இருந்தபடியே சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு புரோகிராம் எழுதும் பிள்ளைகள் இப்போது நம் பக்கம் உண்டு. ஆப் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் டேட்டாபேஸைத்தான் முதலில் குடைகிறார்கள். நெட்வொர்க் என்றால் அது வேறு டீம் வேலை என்று ஒரு நினைப்பு.

ஆச்சி ஒருவர் நடத்தும் கண்டாங்கிச் சேலைக் கடையின் இணையதளம் என்னிடம் வந்தது. சேலைப் பட்டியல் வர அவருடைய போனில் பத்து விநாடி. எழுதிய தம்பி, “என் மெஷின்ல சட்டுனு வருதுண்ணே” என்றான். பொய்யில்லை, வந்தது. பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் காட்டும் பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்தால் விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்துக்கு 20 சேலை. விலைக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று என்று சேலைக்கு இரண்டு ஏபிஐ அழைப்பு, அதாவது சர்வரிடம் தகவல் கேட்கும் கோரிக்கை. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. சர்வரோ அமெரிக்காவில், வர்ஜீனியாவில்.

ஃபைபருக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். வர்ஜீனியா இங்கிருந்து சுமார் 14,000 கி.மீ. எவ்வளவு விலை கொடுத்து சர்வர் எடுத்தாலும் போய்வர 140 மில்லிவிநாடிக்குக் குறையாது. நடைமுறையில் 200ஐத் தாண்டும். கால் விநாடி என்றே வைத்தாலும் 40 அழைப்புக்குப் பத்து விநாடி சரியாக வந்துவிடுகிறது. இதுபோக, இணைப்பைப் புதிதாகத் தொடங்க, இணைப்பை ஏற்படுத்தும் டிசிபிக்குப் போய்வர ஒரு நடை, அதைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3க்கு இன்னொரு நடை. லோக்கல்ஹோஸ்டில், அதாவது தன் மெஷினிலேயே ஓடும் சர்வரில், தூரமே கிடையாது, தம்பிக்கு எப்படித் தெரியும்? 40 அழைப்பை ஒன்றாக்கி, சர்வரை மும்பைக்கு மாற்றச் சொன்னேன்.

மெதுவாக வருவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பணம் இரண்டு தடவை போனால் யார் பொறுப்பார்கள்? குறித்த நேரத்துக்குள் பதில் வராத டைம்அவுட் என்றால் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதே ஆர்டரைத் திரும்ப அனுப்பும் புரோகிராம்களை நிறையப் பார்க்கிறேன். ஆர்டர் சர்வருக்குப் போய், பணமும் எடுக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். டைம்அவுட்டுக்கு அர்த்தம் ‘தெரியாது’ என்பதுதான். அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் போனிலேயே தனி எண் ஒன்று உருவாக்கி அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே கொடுக்க வேண்டும்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வரும் பிழைச் செய்தி வேறு ரகம். பொதுவாக, மெஷின் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த போர்ட்டில் (சர்வீஸுக்கான வாசல் எண்ணில்) கேட்பார் யாருமில்லை என்று பொருள். சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். பதிலே வராமல் தொங்கினால் காவல் நிற்கும் ஃபயர்வால் பாக்கெட்டை (அனுப்பும் தகவல் துண்டை) விழுங்குகிறதா என்று பார்க்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் ராத்திரி முழுக்க புரோகிராமைப் புரட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இதற்கெல்லாம் தனியாகக் கோர்ஸ் வேண்டியதில்லை. பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க), ட்ரேஸ்ரூட் (போகும் வழியைப் பார்க்க), டிக் (தளத்தின் பெயரைத் தேட), கர்ல் (கோரிக்கை அனுப்பிப் பார்க்க) என்ற நான்கு கட்டளைகளும் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும். நம்மூர்ப் பழைய வீடுகளில் ரவுட்டர் முகப்பில் இருக்கும், பிள்ளை உள்ளே இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்திருப்பான். நடுவில் உள்ள கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை வருவதே பெரிய பாடு. சர்வரைத் திட்டுவதற்கு முன்னால் ரவுட்டருக்கு ஒரு பிங் போடுங்கள். அங்கேயே பாக்கெட் தொலைந்தால் சிக்கல் வீட்டுக்குள்தான். ரவுட்டர் சரி, வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் சரி, தளத்தின் பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால், பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.