புத்தகம் ஒன்று, கேள்வி வேறு

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சிறுநகரத்து மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் போகிறேன், அதைப்போலப் பல மடங்கு கட்டணம் வாங்கும் சென்னைப் பள்ளிக்கும் போகிறேன். சமச்சீர் கல்வி வந்தபிறகு இரண்டிலும் ஒரே பாடப்புத்தகம். கேட்கப்படும் கேள்விதான் வேறு.

1806-ல் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் செய்த வேலூர் புரட்சியை எடுத்துக்கொள்வோம். கட்டணம் குறைந்த பள்ளியில் பாடத்தை ஒருமுறை வாசித்ததும் பென்சிலால் கோடு: "இங்கிருந்து இதுவரை ஐந்து மார்க்." புதுத் தலைப்பாகை, காதணித் தடை, தாடி என்று காரணங்கள் வரிசை மாறாமல் மனப்பாடமாகும். மறுநாள் ஸ்லிப் டெஸ்ட், அவ்வளவுதான். பெரிய பள்ளியில் அதே பக்கத்தைத் திறந்துவைத்து விவாதிக்கிறார்கள். சிப்பாய்களின் கோபத்துக்குக் காரணம் தலைப்பாகையா, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளா? பிள்ளைகள்மேல் பழி போட்டால் யாருக்கு வசதி? அப்படியானால் கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் ஏன் திருப்பி அழைத்தார்கள்?

ஒரு பிள்ளை சொன்னதைச் செய்யப் பழகுகிறது, இன்னொன்று உத்தரவு போட்டவரையே விசாரிக்கப் பழகுகிறது. நியூ ஜெர்சியில் ஐந்து பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புகளைக் கவனித்து அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜீன் ஆன்யன் 1980-ல் எழுதியதும் ஏறக்குறைய இதையே.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்த சம்பளத்தில் நான்கைந்து செக்‌ஷன் பார்க்கிறார், பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஃப்ளெக்ஸில் ஏற வேண்டும் என்ற நெருக்கடி வேறு. ஆனாலும் பத்து நிமிடம் கிடைக்கும். ஒரு சிறுநகரத்துப் பள்ளியில், "தாடியை மழிக்கச் சொன்னதற்கா இவ்வளவு கோபம்?" என்று ஆசிரியர் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "முடி வெட்டிட்டு வரலன்னு எங்கள வெளிய நிறுத்துறாங்களே சார், அது மாதிரியா?" என்றான். ஒழுங்குக்கும் அவமானத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று வகுப்பே பேசியது, முழுக்கத் தமிழில். ஐந்து மார்க் பதிலும் அதே பீரியடில் முடிந்தது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேரும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெரிய பள்ளிக்குள்ளேயே இவர்களுக்கு ஒன் மார்க் கேள்வியும், ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்கு 'ஏன்' கேள்வியும் போவதைப் பார்க்கிறேன். சரி, தமிழில் பதில் சொல்லட்டுமே! பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கும்போது, "சோஷியல் வகுப்பில் என் பிள்ளை கடைசியாக எப்போது பேசினான், எதைப் பற்றி?" என்றும் கேளுங்கள். பதில் சொல்ல ஆசிரியர் யோசிக்க வேண்டியிருந்தால், அடுத்த மாதமும் அதையே கேளுங்கள்.