ஆர்.என்.ஏ. ஆய்வகத்தில் கையுறை யாருக்காக?

ஆர்.என்.ஏ., புரத உற்பத்தி சார்ந்த ஆய்வில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஊட்டப்படுவது ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதியைப் பற்றிய பயம். அது தோலிலும் இருக்கும், தூசியிலும் இருக்கும். அதன் ஒரு வகையான ஆர்.என்.ஏஸ் ஏ-யில், வடிவத்தைப் பிடித்து வைக்கும் 4 டைசல்ஃபைடு பிணைப்புகள் உண்டு. அதனால் கொதிக்க வைத்தாலும் ஆறியதும் மீண்டும் மடிந்து வேலையைத் தொடங்கிவிடும். அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை மட்டும் நம்ப முடியாது. கையுறை போடு, கதவுப்பிடியைத் தொட்டால் உடனே மாற்று என்று சொல்லித் தருகிறார்கள். சரிதான். ஆனால் அந்த மெல்லிய நைட்ரைல் கையுறை மாதிரியைத்தான் காக்கிறது, கையை அவ்வளவாகக் காப்பதில்லை. இது போதிய அளவு அழுத்திச் சொல்லப்படுவதில்லை.

திசுவிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் ட்ரைசால் முறையை எடுத்துக்கொள்வோம். ட்ரைசால் என்பது ஃபீனாலும் குவானிடின் உப்பும் கலந்த திரவம். 1987-இல் கோம்சின்ஸ்கியும் சாக்கியும் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. 50 முதல் 100 மில்லிகிராம் திசுவுக்கு 1 மி.லி. ட்ரைசால், அதில் 0.2 மி.லி. குளோரோஃபார்ம் சேர்த்து 15 நொடி வேகமாகக் குலுக்க வேண்டும். ஆபத்தான கட்டம் இந்தக் குலுக்கல்தான். மூடி சரியாக அழுந்தாத குழாயிலிருந்து ஃபீனாலும் குளோரோஃபார்மும் விரலிடுக்கில் கசியும். குளோரோஃபார்ம் மெல்லிய நைட்ரைலைச் சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும், ஃபீனாலும் அதன் பின்னாலேயே வரும். இரட்டைக் கையுறை போடுங்கள். துளி பட்டால் மேலுறையை அந்த நொடியே கழற்றுங்கள். குழாய் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். பாலிஸ்டைரீனும் பாலிகார்பனேட்டும் இந்தக் கரைப்பான்களைத் தாங்காது. சென்ட்ரிஃபியூஜுக்குள்ளேயே விரிசல் விட்டு ரோட்டர் முழுக்க ஃபீனாலாகும். வேலை முழுவதும், நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள்தான்.

12,000 ஜி வேகத்தில், 4 டிகிரியில், 15 நிமிடம் சுழற்றியதும் நிறமற்ற மேலடுக்கில் ஆர்.என்.ஏ. இருக்கும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச ஆசைப்பட வேண்டாம். இடையடுக்கு கலந்தால் டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்து வரும். தூய்மையை அறிய ஒளி உறிஞ்சலை அளக்கும்போது 260/280 (நானோமீட்டர்) விகிதம் 2-ஐ ஒட்டி இருந்தும் 260/230 மட்டும் சரிந்தால், பெரும்பாலும் குவானிடின் தங்கிவிட்டது என்று பொருள். 75% எத்தனாலில் இன்னொரு முறை கழுவுங்கள்.

ஃபீனால் தோலில் பட்டால் நடப்பதுதான் மிகவும் ஏமாற்றும். அது நரம்பை மரக்கச் செய்வதால் தொடக்கத்தில் வலி தெரியாது. தோல் வெளுத்துப்போகும், அதற்குள் இரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருக்கும். பரப்பு பெரிதானால் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். குழாயடியில் கொஞ்சம் நீர்விட்டுத் துடைப்பது போதாது, அது பரப்பை விரிக்கும். நனைந்த உடையைக் கழற்றி, பாலிஎத்திலீன் கிளைகால் 300 அல்லது 400-இல் தோய்த்த பஞ்சால் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். அது இல்லையென்றால் அவசரக் குளியலின் கீழ் குறைந்தது 15 நிமிடம். கண்ணுக்கு நீர் மட்டும்தான். பிறகு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், வலி இல்லாவிட்டாலும். ட்ரைசால் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் அந்த கிளைகால் பாட்டில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பல இடங்களில் அது அலமாரியின் அடித்தட்டில்கூட இருப்பதில்லை.

அடுத்தது கழிவு. இரத்தம், வைரஸ் மாதிரி என்றாலே ப்ளீச் ஊற்றிக் கொல்வது நம் கைப்பழக்கம். ட்ரைசாலில் இருப்பது குவானிடின் தயோசயனேட். ப்ளீச்சோடு அது சேர்ந்தால் சயனைடு சார்ந்த நச்சு வாயு கிளம்பும். கொரோனா காலத்தில் குவானிடின் கலந்த மாதிரிக் குப்பிகள் ப்ளீச் பயன்படுத்தும் பரிசோதனைக் கருவிகளுக்குள் போனபோது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வைக்கும் சிறு வடிகுழாய் (column) கொண்ட கிட்டுகளில், செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரும், பல கிட்டுகளில் முதல் கழுவுநீரும் இதே வகைதான். ஆகவே வடிகுழாய்க்கு அடியில் சேரும் திரவத்தையும் ப்ளீச் வாளியில் கொட்டக் கூடாது. தனி பாட்டில், மேலே 'ப்ளீச் கூடாது' என்று தமிழிலும் எழுதி ஒட்டுங்கள், துப்புரவுப் பணியாளரும் படிப்பார். இந்தக் கழிவை ஆட்டோகிளேவிலும் வைக்காதீர்கள். மேசையில் சிந்தினால் காகிதத்தால் ஒற்றி, சோப்பு நீரால் நன்றாகக் கழுவிய பிறகே ப்ளீச்.

ஆர்.என்.ஏஸை முடக்கும் வேதிப்பொருளான டி.ஈ.பி.சி.யைக் கொண்டு நீர் தயாரிப்பவர்கள் 1 லிட்டருக்கு 1 மி.லி. கலந்து, இரவு முழுக்க வைத்து, மறுநாள் ஆட்டோகிளேவ் செய்கிறார்கள். ட்ரிஸ் பஃபரில் இதைச் சேர்ப்பது வீண். ட்ரிஸ் அதைத் தின்றுவிடும். அம்மோனியா இருந்தால் யூரித்தேன் உருவாகும், அது புற்றுநோய் ஊக்கி.

புரத உற்பத்தியை அளப்பவர்கள் கையாளும் சைக்ளோஹெக்ஸிமைடு என்ற நச்சு, ஈஸ்ட்டில் புரதம் செய்யும் ரைபோசோமை நிறுத்தும். மனித ரைபோசோமையும் அப்படியே நிறுத்தும். பொடியை எடைபோடும்போது முகக்கவசம் வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். கந்தகம்-35 ஏற்றிய மெத்தியோனின் குப்பியை உருக்கியதும் ஆவியாகும் கதிரியக்கச் சேர்மம் மேலே நிற்கும், எனவே ஃப்யூம் ஹூடுக்குள்தான் திறக்க வேண்டும். அந்த ஆவியை உறிஞ்ச இன்குபேட்டரில் கரித்தட்டு வையுங்கள். கதிரியக்கம் இல்லாமலே, பியூரோமைசின் என்ற மருந்தைப் புரதச் சங்கிலியில் ஏற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் முறை 2009 முதல் இருக்கிறது. உற்பத்தி கூடியதா குறைந்ததா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால், கதிரியக்கத்துக்கு அனுமதி கேட்கும் முன் இதை முயன்று பாருங்கள்.