கடல்பாசி வளர்க்க மானியம்: வடசென்னைக்கு எவ்வளவு, எப்படி?

கடல்பாசி மானியம் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அது 2020-21இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி. நாட்டின் கடற்கரை முழுவதுக்கும் பொது. காசிமேட்டு மீனவரும் கேட்கலாம், சுயஉதவிக் குழுப் பெண்களும் கேட்கலாம்.

கணக்கு இதுதான். மூங்கில் மிதவை ஒன்றுக்கு, விதைப்பாசி உட்பட, அரசு வைத்திருக்கும் செலவு 1,500 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 சதவீதம், அதாவது 900 ரூபாய் மானியம். மற்றவர்களுக்கு 40 சதவீதம், 600 ரூபாய். கயிற்றில் கட்டியோ, குழாய் போன்ற வலைக்குள் அடைத்தோ வளர்க்கும் முறை என்றால் ஒரு அலகுக்கு 8,000 ரூபாய்; அதில் பெண்களுக்கு 4,800 கிடைக்கும். மீதி நம் கையிலிருந்து போட வேண்டும். அதனால் குழுவாகச் சேர்வதே நல்லது.

மிதவையில் வளர்ப்பது பெரும்பாலும் கப்பாஃபைகஸ் என்ற பாசி. சுமார் 45 நாளில் அறுவடை. இதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள்தான் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக வைத்திருக்கிறது. பாசிச் சாறு பயிருக்குத் திரவ உரமாகவும் போகிறது.

இனி இடம். இதில்தான் அவசரப்படக் கூடாது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் இதே பாசி பவளப்பாறைகள் மேல் படர்ந்து அவற்றை மூடியிருக்கிறது. நம் கடலில் பிரச்சினை வேறு. அலைக்குத் தடுப்பு இல்லாத திறந்த கடலில் மூங்கில் மிதவை தாங்காது. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சுடுநீர், சாம்பல், ஆலைக் கழிவு எல்லாம் கலக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவியது. பாசி தண்ணீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். அங்கே வளர்த்ததை உணவுக்கு அனுப்புவது தவறு. பரிசோதனை செய்யாமல் யாரும் அங்கே மிதவை இறக்க வேண்டாம்.

அப்புறம், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுக் கற்களில் தானாகப் படரும் பச்சைப் பாசியைச் சுரண்டாதீர்கள். மீன்குஞ்சும் இறாலும் நண்டும் ஒதுங்கும் இடம் அது. ஓரா மீனுக்கு இரையும் அதுதான்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் சென்னை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும், காட்டுப்பள்ளி, பழவேற்காட்டுக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், குழு என்றால் அதன் பதிவு விவரம் எடுத்துச் செல்லுங்கள். இந்த ஆண்டு நிதி வந்திருக்கிறதா, நீங்கள் சொல்லும் இடத்துக்கு ஒப்புதல் உண்டா, இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மூங்கில் வாங்குங்கள்.