இன்டேக்ல வால்வு போட்டா இஞ்சின் தண்ணி குடிக்காதா?

2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் கரைய கடந்த மறுநாள் ஞாயித்துக்கிழமை. புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டியிருந்துச்சு, ரெயின்போ நகர் பக்கமெல்லாம் தெரு எது வாய்க்கா எதுன்னு தெரியல. அன்னைக்கு எங்க ஷெட்டுக்கு டோ பண்ணி வந்த ஒரு பெட்ரோல் கார்ல கோல்டு ஏர் இன்டேக் (கம்பெனி ஏர் பாக்ஸுக்கு பதிலா, காத்து பில்டர கீழ தொங்கவிடற அலுமினியம் பைப்பு) மாட்டியிருந்தாங்க. "அண்ணே, அதுல தண்ணி பைபாஸ் வால்வு இருக்கே, எப்படிண்ணே இஞ்சினுக்குள்ள தண்ணி போச்சு"ன்னு வண்டிக்கார தம்பி கேட்டான்.

பம்பர கழட்டி பாத்தா வால்வு இருந்துச்சு, ஆனா பில்டருக்கு ஒட்டினாப்ல, பெண்டருக்குள்ள (சக்கரத்துக்கு மேல மூடியிருக்கற தகடு) அடியில. ரெண்டுமே சேந்து முங்கியிருக்கு.

இந்த வால்வு செய்யற வேலை சின்னது. பைப்ப வெட்டி நடுவுல மாட்டுவாங்க, பில்டர் முங்கினா காத்து வராம இழுப்பு ஏறும், அந்த இழுப்புல வால்வு திறந்து அங்கேர்ந்தே காத்து போகும், கீழ இருக்கற தண்ணி மேல ஏறாது. வால்வு தண்ணிக்கு மேல இருந்தாதான் இதெல்லாம். அது திறக்கும்போது உள்ள போறது வடிகட்டாத காத்துங்கறது வேற. டர்போ இஞ்சினுக்கு (காத்த அழுத்தி உள்ள தள்ளற வகை) இத போடாதீங்கன்னு தயாரிக்கறவங்களே சொல்றாங்க, இப்ப வர்ற டீசல் கார் எல்லாமே டர்போதான், அப்போ அந்தப் பேச்சே வேணாம்.

எவ்ளோ தண்ணி போனா பிஸ்டன பிடிச்சிருக்கற கனெக்டிங் ராடு வளையும்னு கேப்பாங்க. 1200 சிசி, நாலு சிலிண்டர்னா ஒண்ணுக்கு 300 சிசி, கம்ப்ரஷன் (பிஸ்டன் உள்ள இருக்கறத எத்தன மடங்கு அமுக்குதுங்கற கணக்கு) 10க்கு 1னு வச்சா பிஸ்டன் மேல வந்து நிக்கறப்போ மிச்ச இடம் 33 மில்லி சொச்சம், டீ கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு, அதுக்கு மேல தண்ணி நின்னா காத்து மாதிரி அமுங்காது, பிஸ்டன் அப்படியே முட்டி கனெக்டிங் ராடு வளையும். ஆனா இஞ்சின் நின்னுபோனதோட விட்டிருந்தா பல இஞ்சின் தப்பிக்கும், தம்பி நாலு தடவ செல்ஃப் அடிச்சிருக்கான். நின்னா சாவிய எடுத்துடுங்க, டோ பண்ணுங்க, ஸ்பார்க் பிளக்க கழட்டி தண்ணிய வெளிய விட்டப்புறம்தான் மத்தது. இஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் (இஞ்சினுக்குன்னு தனியா சேக்கற காப்பு) இல்லாத சாதா இன்சூரன்ஸ் பாலிசில இதுக்கு பொதுவா கிளெய்ம் கிடைக்காது.

என்னைக் கேட்டா அந்த வால்வுக்கு காசு போடாதீங்க. கம்பெனிக்காரன் காத்து இழுக்கற வாய பொதுவா ரேடியேட்டருக்கு மேல, ஹெட்லைட் உசரத்துல வச்சிருக்கான், நாமதான் சத்தத்துக்காக அத கழட்டிட்டு பில்டர கொண்டுபோய் ரோட்டுக்குப் பக்கத்துல தொங்கவிட்டுட்டு, அப்புறம் அதுக்கு ஒரு வைத்தியம் தேடறோம். கெடிலமும் பெண்ணையாறும் பொங்கற ஊர்ப்பக்கம் வண்டி ஓட்டறவங்களுக்கு, மழைக்கு முன்னாடி பழைய ஏர் பாக்ஸ திருப்பி மாட்டறது பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேர வேலை. (பழசு எங்கன்னு கேட்டா பாதிப் பேரு எடைக்கு போட்டிருப்பாங்க, அது தனிக் கதை.)

அந்தத் தம்பி போன வருஷம் ஐப்பசிக்கு முன்னாடியே ஏர் பாக்ஸ டிக்கில போட்டுக்கிட்டு வந்துட்டான், பொங்கல் வரைக்கும் அவன் அலுமினியம் பைப்பு எங்க ஷெட்டு ஆணியிலதான் தொங்கிச்சு.