சென்னையில் சர்வர், குன்னூரில் பேக்கப்: ஒரே மழையில் இரண்டும்

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அதன் கணக்கு சர்வர் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. தினமும் இரவில் பேக்கப் குன்னூர் அலுவலகத்துக்கு வந்துவிடும். நடுவே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும். ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இரண்டு ஊரையும்தான் பிடிக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து சாலைகளும் மலை ரயில் பாதையும் பல இடங்களில் துண்டாயின. பேக்கப்பை எங்கே வைப்பது என்று பார்க்கும்போது தூரத்தோடு மழைக்காலத்தையும் பார்க்க வேண்டும். மும்பைப் பக்கம் கனமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆகவே இரண்டாவது பிரதிக்கு அந்தப் பக்கம் பொருத்தமான இடம். குன்னூரில் இருப்பது மூன்றாவதாக இருக்கட்டும்.

கோலொகேஷன் என்கிற பகிர்வு டேட்டா சென்டரில் கட்டடம், மின்சாரம், ஜெனரேட்டர், ஏசி, தீயணைப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சர்வர்களை அடுக்கும் அலமாரியான 42 யூ உயர ரேக்கில் நமக்கு ஓரிரு யூ கிடைக்கும். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். ரேக்குக்கு ஏ, பி என இரண்டு மின்வழிகள் வரும். சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளையும் ஒரே வழியில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். முழு ரேக்கையும் எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது வேறொன்றில். இரண்டும் 16 ஆம்பியர் வழிகள், ஒவ்வொன்றிலும் 12 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். மீட்டரில் குறை எதுவும் தெரியாது. ஏ போனதும் 24 ஆம்பியரும் பி-யின் தலையில் ஏறும். சற்று நேரத்தில் அந்த பிரேக்கரும் ட்ரிப் ஆகும். ஒவ்வொரு வழியிலும் 40 சதவீதத்துக்குள், அதாவது 6.4 ஆம்பியருக்குள் வைத்தால்தான் ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

மின்சாரத்தை நாம் சரியாக வைத்தாலும் கட்டடமே போகலாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தே போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின. தீயணைப்பு ஏற்பாட்டிலும் ஆபத்து உண்டு. 2016 செப்டம்பரில் புக்கரெஸ்ட்டில் ஒரு வங்கியின் டேட்டா சென்டரில் சோதனைக்காகத் தீயணைப்பு வாயுவைத் திறந்தார்கள். வாயு பீய்ச்சிய இரைச்சலின் அதிர்விலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாயின.

திட்டத்தை இரண்டு கேள்விகளில் தொடங்கலாம். எத்தனை மணி நேரத் தரவு போனால் சமாளிக்கலாம்? எத்தனை மணி நேரம் சர்வர் நின்றால் சமாளிக்கலாம்? முதலாவதை ஆர்பிஓ என்றும் இரண்டாவதை ஆர்டிஓ என்றும் சொல்வார்கள். பச்சைத் தேயிலை எடைக்குக் காகிதச் சீட்டு இருந்தால் ஒரு நாள் பதிவு போனாலும் உட்கார்ந்து திரும்ப ஏற்றிவிடலாம். ஹோட்டலின் ஆன்லைன் புக்கிங்குக்குச் சீட்டு ஏது? அங்கே பதினைந்து நிமிடம்கூட அதிகம்.

ஆர்டிஓ-வை மனக்கணக்கில் போடாதீர்கள். பேக்கப் 200 ஜிபி, குன்னூர் லைனின் அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் அதை வெளியே அனுப்ப 22 மணி நேரம் ஆகும், லைன் நடுவில் அறாமல் இருந்தால். ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் கோவை. வழியில் பர்லியாரில் ஒரு மரம் விழுந்தால் பஸ்ஸும் நிற்கும். ஃபைபரும் சாலையோரமாகவே வந்தால் அதுவும் போயிருக்கும்.

தரவைக் கணத்துக்குக் கணம் இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனைப் பேக்கப் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே தவறாக டேட்டாபேஸின் ஒரு டேபிளை (பதிவு அட்டவணையை) அழித்தால் அடுத்த நொடி அங்கேயும் அழியும். பேக்கப்புக்குப் பழைய தேதிகள் தேவை. அதோடு, பேக்கப் சர்வர்தான் வந்து தரவை எடுத்துப்போக வேண்டும்; பேக்கப்பில் எழுதும் பாஸ்வேர்டு முதல் சர்வரில் இருந்தால், தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இரண்டையும் பூட்டிவிடும்.

பேக்கப் ஓடினாலும் உள்ளே சரக்கு இல்லாமல் இருக்கலாம். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர் தவறிப்போய் முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2, அதனால் பேக்கப் எடுபடவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான், கைகொடுத்தது.

ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை, அதில் ஒன்று செப்டம்பரில், வெற்று மெஷின் ஒன்றில் மீட்டுப் பாருங்கள். வழிமுறை காகிதத்தில் இருக்க வேண்டும். அமைத்தவரே செய்யக் கூடாது. கடைசி எடைச்சீட்டு எண் மீட்ட டேட்டாபேஸில் இருக்கிறதா என்று பார்த்து, கடிகாரத்தில் நேரம் குறியுங்கள். பேக்கப்பைத் திறக்கும் டிஜிட்டல் சாவி, எரிந்துபோனதாக நாம் வைத்துக்கொண்ட சர்வருக்குள்ளேயே இருந்தது தெரியவந்தால், நல்லவேளை, அது ஒத்திகை. சர்வரை வேறிடத்தில் எழுப்பினால் அதன் முகவரி மாறும். தளத்தின் பெயரை முகவரியோடு இணைப்பது டிஎன்எஸ்; பழைய முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்வது அதன் டிடிஎல். அது 86,400 விநாடி என்று இருந்தால் புது முகவரி எல்லோரையும் சேர ஒரு நாள் ஆகலாம். முன்கூட்டியே 300 ஆக்கி வையுங்கள்.

டேட்டா சென்டர் வாசலில் அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாதவரை உள்ளே விட மாட்டார்கள். அந்தப் பட்டியலில் உள்ள இருவருமே குன்னூரில் இருந்தால், மலைச்சாலை அடைபட்ட அன்று சென்னையில் சர்வரைத் தொட ஆள் கிடையாது. சென்னையில் இருக்கும் ஒருவர் பெயரைச் சேர்த்து, அவருக்கு ரேக் சாவியையும் இப்போதே கொடுத்து வையுங்கள்.