பேஸ் டோன்: சொல்லும் பொருளும், தமிழில் எப்படிச் சொல்லலாம்

பேஸ் என்ற சொல்லை நம்ம ஊரில் இரண்டு பொருளில் புழங்குகிறோம். பின்சீட்டுக்குக் கீழே சப் ஊஃபர் வைத்த ஆட்டோ பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் போகும்போது நெஞ்சில் இடிக்கிறதே, அதுவும் பேஸ். பாடகர் பாடிக்கொண்டிருக்க, அவருக்குக் கீழே நாலு தந்தி கிட்டாரில் ஒருவர் தனியாக ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போகிறாரே, அதுவும் பேஸ். முதலாவது வெறும் அளவு, இரண்டாவது இசை. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் "இந்தப் பாட்டில் பேஸ் டோன் எப்படி?" என்று கேட்டால் நிறையப் பேர் ஈக்வலைசரில் தாழ்ந்த ஒலிக்கான இடது ஓரத்தை மேலே தள்ளிவிட்டு "செமையா இருக்கு" என்கிறார்கள். டோன் அங்கே இல்லை. அது என்ன, எங்கிருந்து வந்த சொல், தமிழில் எப்படிச் சொன்னால் பொருந்தும் என்று பார்ப்போம். நல்ல டோன், மோசமான டோன் என்று எனக்குப் படுகிற சில பதிவுகளையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் காதால் கேட்காமல் இந்தச் சொல் விளங்காது.

டோன் கிரேக்கத்தில் பிறந்த சொல். அங்கே "தோனோஸ்" என்றால் இழுத்துக் கட்டுதல், விறைப்பு. விறைப்பாகக் கட்டிய தந்தியிலிருந்து வருவது என்ற பொருளில் ஒலிக்கும் அதே பெயர் வந்தது, அப்புறம் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் "தொனி"தான் டோன் ஆனது என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறேன், அது சரியில்லை. தொனி வடமொழி "த்வனி"யிலிருந்து வந்தது, அதன் வேர் ஒலித்தல் என்ற பொருளுடையது. ஓசை ஒத்துப்போவதைத் தவிர டோனுக்கும் அதற்கும் உறவு கிடையாது. டோனுக்கு உண்மையான சொந்தம் வேறு இரண்டு சொற்கள்: தந்தியும், ராகம் தானம் பல்லவியில் வருகிற தானமும். இரண்டும் நீட்டு, இழு என்ற பொருளுள்ள வடமொழி வேரான "தன்" என்பதிலிருந்து கிளைத்தவை, கிரேக்கச் சொல்லுக்கும் அந்த வேருக்கும் மூலம் ஒன்றே.

பேஸ் என்பதன் கதை சின்னது. பிற்கால லத்தீனில் "பாஸ்ஸுஸ்" என்றால் தாழ்ந்த, குட்டையான. இத்தாலியில் பாஸ்ஸோ, ஆங்கிலத்தில் பேஸ்.

இன்று கிட்டார்காரர்கள் டோன் என்று சொல்வது சுருதியை அல்ல, சத்தத்தின் அளவையும் அல்ல. அந்த இரண்டையும் கழித்த பிறகு மிச்சமிருப்பது எதுவோ அது. ஒரே சுரத்தை ஒரே சத்தத்தில் நாகஸ்வரத்திலும் வீணையிலும் வாசித்தால் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்த வேறுபாடு. பேஸ் கிட்டாரில் இதற்குக் கணக்கும் உண்டு. அதன் மிகத் தாழ்ந்த தந்தியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வு. ஆனால் 41 மட்டும் வராது. அதன் மேலேயே 82, 124, 165 என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக ஏறும். அந்த அடுக்கில் எது பலமாக இருக்கிறது, எது சீக்கிரம் அடங்குகிறது என்பதுதான் டோன். தந்தியை அதன் அடிமுனையைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் மீட்டினால் மேல் அடுக்குகள் ஓங்கி ஒலி கூராகும், கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டு வரும். தந்தியின் மேல் சுற்றியிருக்கும் கம்பி தட்டையாக இருந்தால் ஒரு விதம், உருண்டையாக இருந்தால் இன்னொரு விதம். விரலா, பிளெக்ட்ரம் என்கிற சின்ன மீட்டுதகடா, கட்டைவிரலால் அறைவதா என்பதற்கேற்பவும் மாறும். கிட்டாரிலேயே டோன் என்று ஒரு குமிழ் இருக்கிறதே, பெரும்பாலான கிட்டார்களில் அது மேல் அடுக்குகளைக் குறைக்க மட்டும்தான் செய்யும், இல்லாததைக் கொண்டுவராது.

கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு அத்தனை அதிர்வு) கீழே அநேகமாக ஒன்றுமே வராது. 41 எங்கே வரப்போகிறது? ஆனாலும் ஆடி மாசம் எங்கோ தோப்புக்கு அப்பால் இருந்து ரேடியோ செட் பாட்டுக் கேட்கும்போது பேஸ் நடந்துபோகிற வழி காதுக்குத் தெரிகிறது. மேற்சுரங்கள் சரியான அடுக்கில் வந்தால் போதும், அடிச்சுரத்தை நம் மூளையே நிரப்பிக்கொள்ளும். ஆகவே ஒரு பேஸ் நல்ல டோனா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை பெரிய பாக்ஸ் இல்லை, மோசமான ஸ்பீக்கர்தான். அடுக்கு இல்லாத வெறும் "கும்" அதில் காணாமல் போய்விடும்.

இதை அமெரிக்காவில் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் அப்போதே செய்தார்கள். பாட்டை முடித்ததும் சின்னக் கார் ரேடியோ ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்தக் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் டோனைத்தான் நான் முதலில் வைப்பேன். 1962-ஆம் வருட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டார், தட்டைச் சுற்றுத் தந்தி, குதிரை மூடிக்குள் பஞ்சு போன்ற ஃபோம், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். தந்தியை மாற்றவே மாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. 1971-இல் மார்வின் கே பாடிய "வாட்ஸ் கோயிங் ஆன்" பாட்டைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சுரமும் குட்டையாக, உருண்டையாக வந்து அடுத்ததற்கு இடம் விட்டு அடங்குகிறது. கார்வை, அதாவது ஒலி நீண்டு நிற்பது, குறைவு, ஆனால் உடம்பு இருக்கிறது. ஃபோம் கார்வையைக் கடித்துவிடுவதால்தான் அவரால் அவ்வளவு சுரங்களைப் போட்டும் பாட்டை நெரிக்காமல் இருக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் யெஸ் ராக் குழுவின் கிறிஸ் ஸ்குவையர். ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டார், பிளெக்ட்ரம், உருண்டைச் சுற்றுத் தந்தி. 1971-இல் வந்த "ரவுண்டபவுட்" பாட்டில் பேஸ் கிட்டத்தட்ட பியானோவின் இடது ஓரத்துக் கட்டைகளைப் போல உலோகமாக ஒலிக்கும். ஜேக்கோ பஸ்டோரியஸ் ஃபிரெட் (கழுத்தில் சுர இடங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பி) இல்லாத ஜாஸ் பேஸ் என்ற கிட்டாரில் குதிரைப் பக்கத்துப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) மட்டும் திறந்து வாசித்த 1976 ஆல்பம் இன்னொரு உலகம். அதில் சுரம் வழுக்கிப் போவதைக் கேட்டால் கமகம் பழகிய காது உடனே ஒட்டிக்கொள்ளும். பீட்டில்ஸின் "பேப்பர்பேக் ரைட்டர்" 1966-இல் வந்தபோது பேஸை ஓங்கச் செய்ய ஒரு ஒலிபெருக்கியையே மைக்காகத் திருப்பிவைத்துப் பதிவு செய்தார்கள் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் கூட்டாளிகளும். அந்தக் காலத்தில் பேஸ் அதிகமானால் இசைத்தட்டில் ஊசி குதித்துவிடும் என்ற பயம் கம்பெனிக்கு இருந்தது, அதை மீறிச் செய்த காரியம் அது.

நம் பக்கம் வருவோம். இளையராஜாவின் குழுவில் பல காலம் பேஸ் வாசித்த சசிதரனின் ஒலியைத்தான் நம்மில் பாதிப் பேர் பேஸ் என்று தெரியாமலேயே மனப்பாடமாக வைத்திருக்கிறோம். 1980-இல் வந்த மூடுபனி படத்தின் "என் இனிய பொன் நிலாவே" பாட்டில் ஜேசுதாஸின் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் தொடர்ந்து போங்கள், அது பாடகரைக் காப்பியடிக்காமல் தனக்கென்று ஒரு மெட்டு வைத்திருக்கும். டோன் பளபளப்பே இல்லாதது, கதகதப்பானது, ஆனால் ஒரு சுரம் கூட மங்காது. அந்தப் பாட்டுகளை இப்போது "பேஸ் பூஸ்ட்" செய்து இணையத்தில் ஏற்றிவைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் என் கணக்கில் மோசமான பேஸ் டோன். இசையமைப்பாளர் எழுதிய நாலு சுரமும் ஒரே இடியாக ஆகிவிடுகிறது, கூடவே மிருதங்கம் தபேலாவின் இடது பக்கத்துத் தாழ்ந்த ஒலியும் அதில் மூழ்கிவிடுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மோசம் என்று உலகமே பேசுகிற பதிவு ஒன்று உண்டு. மெட்டாலிகா ராக் குழுவின் 1988 ஆல்பமான "அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்". ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் அதில் தேடினாலும் கிடைக்காது. மிக்ஸிங்கில் அளவைக் குறைத்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம், கிட்டார் வாசிக்கும் வரியையே பேஸும் ஒட்டி வாசித்ததால் இரண்டும் ஒன்றாகிப் போனது இன்னொன்று. ஆனால் அதை மோசமான டோன் என்று நான் சொல்ல மாட்டேன், டோன் இருக்கிறதா என்றே தெரியாதபோது எப்படித் தீர்ப்புச் சொல்ல? எனக்கு உண்மையிலேயே ஆகாதது, நடு அலைவரிசையை முழுக்கப் பறித்துவிட்டு அடியையும் உச்சியையும் மட்டும் ஏற்றி, கட்டைவிரலால் அறைந்து வாசிக்கிற டோன். கடையில் தனியாக வாசித்துக் காட்டும்போது அசத்தும், மற்ற வாத்தியங்கள் சேர்ந்ததும் "டிக் டிக்" மட்டும் மிஞ்சும்.

ஒரு கொடை விழா மெல்லிசைக் கச்சேரியில் இதைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். பேஸ் வாசிக்கிற பையன் மேடையிலிருந்து, "அண்ணாச்சி, பேஸ் கேக்கவே இல்ல, கொஞ்சம் ஏத்துங்க" என்று மிக்ஸர் பக்கம் கத்தினான். செட்காரர், "பேஸ் கெடக்கு தம்பி, பந்தல் அதிருதுல்லா. டோன்தான் இல்ல. நடுவக் கொஞ்சம் ஏத்துதேன், கேட்டுப் பாரு" என்றார். அடியைக் கொஞ்சம் இறக்கி நடுக் குமிழைத் திருப்பினார். சத்தம் கூடவில்லை, ஆனால் அடுத்த பாட்டில் பையன் போட்ட ஒவ்வொரு சுரமும் கடைசி வரிசை வரை தெரிந்தது. அளவும் டோனும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லிவிடாது.

சரி, தமிழில்? பேஸ் என்பதற்கு நம்மிடம் பழைய சொல் உண்டு. தாழ்ந்த நிலைக்கு மெலிவு, நடுவுக்குச் சமன், உச்சத்துக்கு வலிவு என்பது சிலப்பதிகாரக் காலத்து வழக்கு. அழகான சொல்தான், ஆனால் இன்றைக்கு மெலிவு என்றால் ஒல்லி என்றுதான் புரியும், பேஸுக்கு அது நேர் எதிர். மந்தம் இன்னும் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் திருநெல்வேலி ஜில்லாவின் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் வாத்தியம் இரண்டு அடிப்பார்கள், ஒன்று உச்ச மகுடம், மற்றது மந்த மகுடம். வாத்தியத்துக்குப் பெயராக மந்தம் அருமையாகப் பொருந்துகிறது. "மந்தமான டோன்" என்று எழுதினால் மட்டும் உயிரில்லாத ஒலி என்று அர்த்தமாகிவிடும். கட்டைக் குரல் என்பது ஆளின் குரலுக்குச் சரி, கிட்டாருக்கு ஒட்டாது.

டோனுக்குத் தொனி என்று எழுதுகிறார்கள். பேச்சில் வரும் தோரணைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேலை பார்க்கிறது, "அவர் பேசின தொனியே சரியில்லை" என்பதுபோல. வாத்தியத்துக்கு நம் ஆட்கள் சொல்வது நாதம். நாயனத்தைப் பற்றிப் பேசினாலும் தவிலைப் பற்றிப் பேசினாலும் "நாதம் பேசுது" என்பார்கள். நாகஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது அந்த நாதத்தைத்தான். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயைப் பட்டையால் அறையும்போது உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து ஒரு ஒலி கிளம்பும், நல்ல குடமா இல்லையா என்று பார்ப்பதும் அதன் நாதத்தை வைத்துத்தான்.

ஆகவே பேஸ் டோன் என்பதற்கு என் தேர்வு அடிநாதம். கட்டுரைகளில் "இந்தக் கதையின் அடிநாதம்" என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அங்கே அது உள்ளே ஓடும் கருத்தைக் குறிக்கிறது. இசையில் அதன் நேர்ப்பொருளுக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். "ஜேமர்சனின் அடிநாதம் உருண்டையானது", "இந்த மிக்ஸில் அடிநாதம் கலங்கியிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் இல்லாமலே புரிகிறது. நீண்டு நிற்கிற ஒலிக்குக் கார்வை என்ற சொல் கர்நாடக இசையில் தயாராக இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளலாம். பேஸ் கிட்டார் பேஸ் கிட்டாராகவே இருக்கட்டும், வாத்தியத்தின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. கிட்டாரில் இருக்கிற டோன் குமிழையும் டோன் குமிழ் என்றே சொல்லுவோம், கடையில் போய் நாதக் குமிழ் கேட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.