கவனன்ட்: கூடி வந்த சொல்லும் மனைக்கட்டுப்பாடும்

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் என் சித்தப்பா, கன்னங்குறிச்சிக்கு அப்பால் சேர்வராயன் மலையடிவாரத்தில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு ஒன்றில் வீடு வாங்கினார். பால் காய்ச்சிய மூன்றாம் நாள் வாசல் தூணில் கேமரா மாட்ட ஆள் வந்தார். வெள்ளியோடு வாழ்ந்தவர், கேமரா இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஏணியைச் சாய்ப்பதற்குள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார்.

“ஐயா, கவனன்ட் பார்த்தீர்களா?”

“கோவணமா? வீட்டுப் பத்திரத்தில் அதற்கென்ன வேலை?”

சித்தப்பாவுக்குக் காது மந்தம் என்பதை அன்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சிரித்து முடித்தபின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இந்தச் சொல்லோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் அப்படித் தொடங்கியதுதான்.

பத்திரத்தின் முன்பகுதி நம் தாத்தா காலத்து நடை. சொத்தை இன்றுமுதல் தாங்கள் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்’ ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று கை நிறைய அள்ளிக் கொடுக்கிறது. நான்கெல்லையைத் தாண்டினால் ஆங்கிலத்தில் ஓர் இணைப்பு. அதன் தலைப்புதான் அந்தச் சொல், கவனன்ட் (covenant): சொத்தை வாங்குபவர் இன்னவற்றுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக்கொடுக்கும் வாக்குறுதி. பதினான்காம் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பொதுச்சாலையையோ அடுத்த மனையையோ நோக்கும்படி வீட்டு முகப்பிலும் மதிற்சுவரிலும் படம்பிடிக்கும் கருவி எதையும், விற்பவரின் எழுத்துமூல இசைவு இல்லாமல் பொருத்தலாகாது. பேரன் காலம்வரை சர்வ சுதந்திரம் தந்த பத்திரம், தூணில் ஒரு கேமரா மாட்ட இசைவு கேட்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘கோன்’ என்றால் கூட, ‘வெனீரே’ என்றால் வருதல். கூடிவருதல், ஒருமித்தல் என்ற பொருளோடு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஏற்காட்டில் நாம் வாயாரச் சொல்லும் ‘கான்வென்ட்’டும் இதே வேரில் கிளைத்ததுதான், துறவியர் கூடி வாழும் இடம்.

தமிழில் இதற்கு முதலில் நிலைத்த சொல் ‘உடன்படிக்கை’. அதைப் பரவலாக்கியதில் தமிழ் விவிலியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உடன்படிக்கைப் பெட்டி, வானவில்லை அடையாளமாக வைத்த உடன்படிக்கை என்று தேவாலயம் போகிறவர்களுக்கு அது அன்றாடச் சொல். வேரைப் பார்த்தாலும் பொருத்தம் வியக்க வைக்கிறது: அங்கே கூட வருதல், இங்கே உடன் படுதல். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

உடன்படு என்பதன் இன்னொரு வடிவம் உடம்படு. இலக்கண வகுப்பில் படித்த உடம்படுமெய் நினைவிருக்கிறதா? ‘கிளி’யும் ‘அழகு’ம் சேரும்போது இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு யகரம் வந்து நின்று ‘கிளியழகு’ ஆக்குகிறதே, அது. இரண்டு வீடுகளுக்கு நடுவில் நிற்கும் மதிலுக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. வள்ளுவரும் இச்சொல்லைக் குடித்தனத்தோடுதான் பொருத்துகிறார். ‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று’ என்பது 890ஆம் குறள். குடங்கர் என்றால் குடிசை. மனம் ஒவ்வாதவரோடு வாழ்வது ஒரே குடிசையில் பாம்போடு வாழ்வது போலாம். அடுத்த வீட்டுக் கேமரா நம் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு உரை வேண்டாம்.

ஆனால் பத்திர எழுத்தர்கள் உடன்படிக்கை என்று எழுதுவதில்லை. ‘ஷரத்து’ என்பார்கள், அரபியின் ‘ஷர்த்’, பாரசீகமும் உருதுவும் கடந்து நம் ஆவணங்களில் குடியேறிய சொல். கொஞ்சம் படித்தவர் ‘நிபந்தனை’ என்பார். இந்த இரண்டோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சட்டத்தில் நிபந்தனை வேறு, கவனன்ட் வேறு. நிபந்தனை தவறினால் சில நேரம் உரிமையே கைவிட்டுப் போகும். கவனன்டை மீறினால் வீடு போகாது. எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய் உறுத்துக்கட்டளை, அதாவது தடையாணை, வாங்கும், அல்லது இழப்பீடு கேட்கும். ‘நிபந்தனையை மீறினால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்களா?’ என்று சித்தி பயந்ததற்குக் காரணம் சொல்லின் குழப்பமே.

உடன்படிக்கையிலும் ஒரு போதாமை இருக்கிறது. அது இரண்டு ஆட்களுக்கு நடுவில் நடப்பது. சித்தப்பா வீட்டுக் கட்டுப்பாடு ஆளோடு நிற்பதில்லை, மண்ணோடு போகிறது. நாளை அவர் வீட்டை விற்றாலும், வாங்குபவர் கையெழுத்தே போடாத ஒரு வாக்குறுதி அவரைக் கட்டும். இது எப்படி வந்தது என்பதற்கு லண்டனில் ஒரு தோட்டம் சாட்சி. லெஸ்டர் சதுக்கத்தின் நடுவிலிருந்த நிலத்தை டல்க் என்பவர் 1808இல் விற்றார். அதைக் கட்டடம் எழுப்பாமல் தோட்டமாகவே வைத்திருப்பதாக வாங்கியவர் எழுதிக்கொடுத்தார். நிலம் கைமாறி மாறி மாக்ஸே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த வாசகம் இல்லை. ஆனால் பழைய வாக்குறுதி அவருக்குத் தெரியும். கட்டப்போனார். 1848இல் காட்டன்ஹாம் பிரபு தடுத்தார்: தெரிந்தே வாங்கியவர் அதை மீற முடியாது என்று. லெஸ்டர் சதுக்கத்தில் இன்றும் தோட்டம் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பின் சாறு நம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 40ஆம் பிரிவாக இறங்கியிருக்கிறது. தம் நிலத்தை நன்றாக அனுபவிப்பதற்காக அடுத்த நிலத்தை இன்னவாறு பயன்படுத்தாதே என்று தடுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தால், விவரம் அறிந்து வாங்கியவரையும் சும்மா பெற்றவரையும் அது கட்டும். ‘எனக்குத் தெரியாதே’ என்று தப்புவது கடினம். பதிவான பத்திரத்தில் உள்ளதை வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. வில்லங்கச் சான்றிதழில் பத்திரத்தின் எண்ணும் தேதியும் வரும், பதினான்காம் பத்தி வராது. தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் படிக்கத்தான் வேண்டும். இன்னொன்று: ‘செய்யாதே’ என்பதுதான் இப்படி மண்ணோடு போகும். ‘செய்’ என்பது போகாது. மதிலுக்கு வெள்ளையடி என்று எழுதிக்கொடுத்தது எழுதியவரோடு நின்றுவிடும்.

இங்கிலாந்தின் புதிய குடியிருப்புகளில் வீட்டு முகப்பில் டிஷ் ஆன்டெனா கூடாது, வாசலில் கேரவன் நிறுத்தக்கூடாது என்றெல்லாம் பட்டியல் நீளும். கேமரா அந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தது. கடைசி வீடு விற்கும்வரை தெரு ஒரே முகமாகத் தெரிய வேண்டும் என்பது கட்டுநரின் கணக்கு. பக்கத்து வீட்டாரின் அந்தரங்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது என்பது என் ஐயம். ஆனால் அந்த ஐயத்துக்காக அந்தரங்கம் என்ற காரணம் பொய்யாகிவிடாது. 2021இல் ஆக்ஸ்ஃபர்ட் கவுன்டி நீதிமன்றம், அக்கம்பக்கத்தைப் படமும் பேச்சுமாகப் பிடித்த கேமராக்களை வைத்தவர்மீது, கவனன்ட் எதையும் தொடாமல், தொல்லைத் தடுப்புச் சட்டத்தையும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டே தீர்ப்பளித்தது. நம்மிடம் அந்த வழி குறுகல். தனிமனிதர் தம் சொந்த, வீட்டுக் காரியத்துக்குக் கையாளும் தரவை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய துணை. ஆனால் பக்கத்து வீட்டுத் தூண்வரை அதைக் கொண்டுவர வழக்கறிஞர் வேண்டும். அதனால்தான் பதினான்காம் பத்திக்கு மதிப்பு.

இப்படி மண்ணோடு ஒட்டிய விதிகள் நமக்குப் புதியவையும் அல்ல. சோழர் செப்பேடுகளில் ஊரைக் கொடை கொடுக்கும்போது, சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம் என்று வரிசையாக எழுதி, அவற்றை ‘வியவஸ்தை’ என்பார்கள். அந்தச் சொல் செத்துப்போகவில்லை. ‘கொஞ்சமாவது விவஸ்தை இருக்கிறதா?’ என்று பக்கத்து வீட்டாரைத் திட்டும்போது நம் வாயில் வருவது அதுதான். பத்திரத்தில் மீண்டும் ஏற்றலாமா என்று ஆசைதான். ஆனால் வசவான சொல்லை யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள்?

என் பரிந்துரை இது. பொதுவாகக் கவனன்ட் என்பதற்கு உடன்படிக்கையே போதும். நிலத்தோடு ஒட்டி, இன்னது செய்யாதே என்று தடுப்பதற்கு ‘மனைக்கட்டுப்பாடு’. ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் கேட்டவுடன் விளங்கும். ஊர்க்கட்டுப்பாடு என்றதும் ஒதுக்கிவைத்த கதைகளும் நினைவுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த நிழல் கவனன்டுக்கும் உண்டு. கறுப்பினத்தவருக்கு வீடு விற்காதே என்று அமெரிக்கப் பத்திரங்களில் எழுதிவைத்தார்கள்; நீதிமன்றங்கள் அவற்றை நிறைவேற்றித்தரக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 ஆனது. பெயரிலேயே அந்த எச்சரிக்கை இருக்கட்டும்.

சித்தப்பா கேமராவைத் தூணிலிருந்து கழற்றி நிலைப்படிக்கு மேலே மாட்டினார். இப்போது அதில் தெரிவது செருப்பு வைக்கும் படி, துளசி மாடம், கேட்டின் உட்புறம், பால்காரர் வைத்துப்போகும் தூக்கு. தெருவைப் பார்க்கும் இரண்டாவது கேமராவுக்கு இசைவு கேட்டு நான் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தேன். பொருள்: மனைக்கட்டுப்பாடு, பத்தி 14. சங்கத்துக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

“மனைக்கட்டுப்பாடா? அப்படியென்றால் என்ன ஐயா?”

“கவனன்ட்” என்றார் சித்தப்பா, இந்த முறை திருத்தமாக.